பேற்றறைக்குத் தேர்ந்த கண்ணாடிக் குழல்

மேகம் தங்கிப் போகும் முகில்வாய் நாட்டையும் அதன் ஆற்றுக்கரை ஊர்கள் அனைத்தையும் காத்து நிற்கும் காரிநங்கைப் பெருந்தேவியாரின் ஆணைப்படி, ஓலைநாயகம் மருதி எழுதுவது. கடல் வணிகர்க்கெல்லாம் நிழலாய் விளங்கும் பளிங்குத்துறைத் தலைவர் நெடுவேள் கொற்றனார் காண்க. உம் துறையில் காற்று வாய்ப்பாக வீசுக. உம் கலங்கள் நிறைந்து திரும்புக. உம் இல்லத்துச் சிறுவர் நோயின்றி உறங்குக.

கேமரா என்று வணிகர் அழைக்கும் படப்பெட்டியில் பொருத்திப் பார்க்க நீர் அனுப்பிய மூன்று லென்ஸ் குழல்களும் கீறலின்றி வந்து சேர்ந்தன. எதைத் தெரிந்தெடுத்தோம் என்பதை மட்டும் எழுதினால் ஓலை ஒரு வரியில் முடிந்துவிடும். ஏன் என்பதையும் எழுதச் சொன்னார் தேவியார். சென்ற முறை ஏன் என்று எவரும் கேட்கவில்லை என்பது அவர் வருத்தம்.

எம் அரண்மனை வழக்கத்தை நீர் அறிந்திருக்கலாம். பேற்றறையில் சன்னல் திறப்பதில்லை. ஓர் ஆமணக்கெண்ணெய் விளக்குக்கு மேல் ஏற்றுவதில்லை. பெயர் சூட்டும்வரை தாயும் சேயும் இருக்கும் அவ்வறைக்குள் மருத்துவச்சி தவிர எவரும், அரசியே ஆனாலும், வாசற்படி தாண்டுவதில்லை. படமெடுப்பவளும் படிக்கு வெளியே நின்றுதான் எடுக்க வேண்டும்.

தேவியாரின் தங்கை பொன்னிலை நங்கைக்குத் தலைப்பிள்ளை பிறந்தபோது தேவியார் எல்லைப் பாசறையில் இருந்தார். அரண்மனைக்கு வாங்கும் எப்பொருளும் ஒரு முழத்துக்குக் குறையலாகாது என்பது பண்டாரத்து விதி. அதிகாரிகள் முழக்கோலோடு போய், கடையில் இருந்தவற்றுள் மிக நீளமான, பொன்வளையம் இட்ட குழலை வாங்கி வந்திருந்தார்கள். வெயிலில் அது அக்கரைக் கொக்கின் கண்ணைக்கூடக் காட்டியது. பேற்றறையிலோ, முகத்தை அருகே இழுக்க இழுக்க, ஒளி புகும் துளையான அதன் ஒளிவாய் சுருங்கிப்போயிற்று. அந்தப் பிள்ளை ஒரு பகல் மட்டுமே இருந்தது. மிஞ்சிய படத்தில் இருப்பது விளக்குச் சுடரும் அதைச் சுற்றிய இருட்டும்தான். தேவியார் திரும்பி வந்து அதைக் கையில் வாங்கியபோது, தங்கையார் இருட்டில் ஓரிடத்தை விரலால் தொட்டு, "அக்கா, இந்த ஓரத்துலதான் இருந்தான்" என்றார்.

இப்போது அவருக்கு மறுபடியும் மாதம் நிறைந்து வருகிறது.

ஆகவே உம் குழல்களை அதே அறையில், அதே ஒற்றை விளக்கில் சோதித்தோம். தங்கையார் மடியில் ஒரு துணிச்சுருளை வைத்துக்கொண்டு கட்டிலில் அமர்ந்தார். முதற்குழல் கைக்கு இதமானது. ஆனால் பழைய குழலின் குணமே அதற்கும். அருகே இழுத்தால் இருண்டது. இரண்டாவது, மூன்றிலும் ஒளி மிக்கது. ஆனால் அதற்கு ஒரே பார்வைதான். வாசலில் இருந்து அறை முழுவதும் தெரிந்தது, முகம் தெரியவில்லை. முகம் வேண்டுமானால் அதைக் கழற்றி வேறொன்றைப் பூட்ட வேண்டும். படக்காரி ஆவுடை திருகிக்கொண்டிருந்ததைப் பார்த்து, உள்ளிருந்து மருத்துவச்சி குறும்பி, "நீ கண்ணை மாத்தி முடிக்கிறதுக்குள்ள பிள்ளை தானே நடந்து வந்து உன் இடுப்புல ஏறிக்கும்டி!" என்றாள். தங்கையார் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பைக் கேட்டு வெகுகாலமாயிற்று என்பதைத் தேவியார் அப்போதுதான் உணர்ந்தார்.

மூன்றாவது குழல் குட்டையும் பருமனுமானது. பண்டார அதிகாரி முழக்கோலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துத் தொண்டையைச் செருமினார். ஆனால் நின்ற இடத்திலேயே திருகினால் அறையும் தந்தது, முகமும் தந்தது. தொலைவானாலும் அருகானாலும் ஒளிவாய் ஒரே அளவில் திறந்திருந்தது. குறை அதன் கனம் ஒன்றே. "அம்மிக்கல்லைத் தூக்குறாப்புல இருக்கு தேவி, கை நிக்கலை" என்றாள் ஆவுடை. படம் நடுங்கியிருந்தது. பேற்றறை வாசலில் பெட்டியைத் தாங்க மரக்கால் ஊன்றவும் வழக்கமில்லை.

தேவியார் வாசற்படியோரம் தரையில், உள்ளே பார்த்து அமர்ந்து, குழலைத் தம் தோளில் வைக்கச் சொன்னார். மூச்சை அடக்கிக்கொண்டார். படம் தங்கைக்காக என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வந்தார். தாமும் அப்படியே நம்பியிருந்தார். அங்கே அமர்ந்திருந்தபோது வேறொன்று தெளிந்தது. தங்கைக்குத் தொட்டுக் காட்டவாவது இருட்டில் ஓர் இடம் இருந்தது. அந்தப் பிள்ளையைப் பார்த்திராத தமக்கு அதுவும் இல்லை. இந்த வரிகளை எழுத வேண்டாம் என்று முதலில் சொன்னார். பிறகு, எழுது என்றார்.

நடுங்காமல் விழுந்த அந்தப் படத்தில் தங்கையாரின் முகம் தெளிவாக இருந்தது. துணிச்சுருளின் மேல்முனைக்கு அடியில் அவர் உள்ளங்கை ஏந்தியிருந்ததும் தெரிந்தது. அப்படி வைக்க எவரும் சொல்லவில்லை. தேவியார் அந்தக் கையையே பார்த்திருப்பதைக் கண்டு தங்கையார் மெல்லச் சொன்னார்: "கழுத்து நிக்காதுல்ல, அக்கா."

ஆதலால் ஆணையாவது: மூன்றாவது குழல் இங்கேயே இருக்கும். மற்ற இரண்டும் இவ்வோலை கொணர்பவனோடு திரும்புகின்றன. அவற்றைப் பழிக்க ஒன்றுமில்லை, வெயிலில் நிற்பவர்க்கும் நடந்து நெருங்கக் கூடியவர்க்கும் விற்றுக்கொள்க. பொன்வளையம் இட வேண்டாம். நீர் தருவதாக எழுதிய சந்தனமரத் தாங்கியும் வேண்டாம். முழக்கோல் விதி பேற்றறைப் பொருட்களுக்கு இனி இல்லை. குழல் படியும் இடத்துக்கு, அசைந்தால் ஒலி எழுப்பாத மெல்லிய ஆட்டுத்தோலில் ஒரு பட்டை தைத்து விரைந்து அனுப்புக. பிள்ளை எவர் ஓலைக்கும் காத்திராது.

பெருந்தேவியாரின் கொக்கு முத்திரை இதன்கீழ் இடப்பட்டது. பட்டைக்கு அளவாக ஓலையைச் சுற்றி ஒரு நூல் கட்டியிருக்கிறது. அது தேவியாரின் தோளளவு. தங்கையார் தம் கையால் அளந்து முடிச்சிட்டது. வேலை முடிந்ததும் நூலைத் திருப்பி அனுப்புக. முடிச்சை அவிழ்க்க வேண்டாம்.