லைட் ஹவுசில் பூட்டிய பெண்

ஐப்பசி 10, திங்கள்
விடியலிலிருந்து தூறல். மல்லாட்டைக் கடலை காயவில்லை. திண்டிவனம் முழுக்கச் சேறு.
மருமகள் கலா போனில் தொடர்கதை எழுதுகிறாள். இந்தத் தடவை லைட் ஹவுஸ். விளக்குப் போடுகிறவன் பெண்டாட்டியை மேலே வைத்துப் பூட்டிவிட்டான்.
"ஏன்டி, பூட்டி வெக்க ஊர்ல வூடே இல்லியா?"
"வூட்ல பூட்டுனா பக்கத்து வூட்டுக்காரி கேட்டுருவா அத்தே. இங்க கத்துனாலும் கடலுக்குத்தான் கேக்கும். ஊருக்கெல்லாம் வெளிச்சம், அவ மட்டும் இருட்டுல. ஜனங்க வுடாம படிக்குதுங்க."
என் அக்கா வீட்டுக்காரருக்கு லைட் ஹவுசில் வேலை. கலாவிடம் நான் சொன்னது அவ்வளவுதான். பூட்டு இவள் கற்பனை.

செவ்வாய்
முட்டி வலி. தைலம் தீர்ந்தது.
அக்கா நினைப்பு. அம்மா செத்த அன்று, மூத்தவள் வந்து வாய்க்கரிசி போடட்டும் என்று பொழுது சாயும்வரை பிணத்தை எடுக்கவில்லை. ஈ ஓட்டியது நான். அவள் வரவில்லை. விளக்கை விட்டு வர முடியாது என்று மாமா ஆள் விட்டார். அன்றோடு பேச்சு இல்லை. மாமா செத்தபோது பிறந்த வீட்டுக் கோடிப் புடவை நான் கொண்டு போகணும். போகவில்லை. சரிக்குச் சரி.

வியாழன்
வெயில். விழுப்புரத்திலிருந்து போன். அக்கா. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் குரல் தெரிந்தது. கலா கதையைப் பேத்தி படித்துக் காட்டினாளாம்.
"பூட்டுனத உனுக்கு யாரு சொன்னது?"
"கதைக்கா அது. என் மருமவ சும்மா எழுதுறா."
பேத்தியை அந்தப் பக்கம் போகச் சொன்னாள்.
"அம்மா செத்த அன்னிக்கு, நம்மூரு பஸ்ஸு போறத மேலேருந்து பாத்துக்கினே இருந்தேன்டி."
"ஏன் சொல்லல?"
"நீ எங்க பேசுன?"

வெள்ளி
சோறு இறங்கவில்லை. மாமாவைத் திட்டலாம், ஆள் இல்லை.
கலாவிடம், "அவள ஜல்தி கீழ எறக்கு."
"எறக்கிட்டா கதை முடிஞ்சிரும் அத்தே. மேல இருந்தாத்தான் படிப்பாங்க."
அடுப்பை நிறுத்திவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

சனி
விழுப்புரம் போகப் பை கட்டியாச்சு. தைலம், மல்லாட்டை, ஊதாப் புடவை. அக்காவுக்கு ஊதா பிடிக்கும்.
கிளம்பும்போது அக்கா போன்.
"அந்தப் பொண்ணு எறங்கிட்டாளா?"
"எறங்கிட்டாக்கா" என்றேன்.
கலா இன்னும் எழுதவில்லை.