ஏழாவது குழியில் நான் பார்த்தது

ஒரத்தநாடு
ஐப்பசி 3

அன்பு மகள் பூமிகாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் இங்கே நடமாட்டத்துக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், அடிலெய்டில் நீயும் மாப்பிள்ளை வெற்றிசெல்வனும் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது அம்மா சொல்லிக்கொள்கிறாள். அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைக்கு இப்போது பரவாயில்லை, மாடிப்படி ஏறுவதை மட்டும் நிறுத்திவிட்டாள். கல்லணைக் கால்வாயில் தண்ணீர் கரை தொட்டு ஓடுகிறது, சம்பா நடவு நம் பக்கம் பாதி முடிந்துவிட்டது, மீதி இந்த வாரத்துக்குள் ஆகிவிடும். போனில் தினமும் பேசும்போது கடிதம் எதற்கு என்று நீ நினைப்பாய். போனில் நீ குறுக்கே பேசுவாய், நானும் பாதியில் பேச்சை மாற்றிவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். முழுவதையும் ஒரே மூச்சில் படி.

ஆனி மாதம் நீ அனுப்பிய இரண்டு ஹைப்ரிட் கோல்ஃப் ஸ்டிக்கும் பத்திரமாக வந்து சேர்ந்தன. அதைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை என்று உனக்கு வருத்தம், அம்மாவிடம் சொன்னாயாம். உன் மேல் ஒரு குறையும் இல்லை அம்மா. நீண்ட அயர்ன் ஸ்டிக் இப்போதெல்லாம் கைக்கு அடங்கவில்லை, வயதாகிவிட்டது என்று நான் எப்போதோ சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு, கடையில் நாலு பேரிடம் விசாரித்து வாங்கி அனுப்பினாய். நான் சொன்னது பொய். வயதால் அல்ல, இரண்டு வருஷமாக அந்த மூன்றாம் நம்பர் அயர்னைப் பையிலிருந்து உருவ என்னால் முடியவில்லை.

உனக்கு இந்த விளையாட்டு தெரியாது, அதனால் விவரமாகச் சொல்கிறேன். மூன்றாம் நம்பர் அயர்ன் என்பது நீளமான தண்டு, அடியில் கத்தி மாதிரி மெல்லிய இரும்பு. பந்தின் அடியில் சரியாகப் பட்டால் நூற்றெண்பது கஜம் போகும். ஒரு விரற்கடை மேலே பட்டுவிட்டால் பந்து எழும்பாது, முழங்கால் உயரத்தில் தோட்டா மாதிரி பாயும். நான் பட்டாளத்தில் சேர்ந்த புதிதில் நீலகிரி வெலிங்டனில் அதிகாரிகளின் பையைச் சுமந்து, அவர்கள் இல்லாத நேரத்தில் அந்த ஸ்டிக்கை எடுத்து அடித்துப் பழகியவன். சுபேதாராக ஓய்வு பெற்று ஊருக்கு வந்து, வல்லத்துக்கு அப்பால் செம்மண் மேட்டில் இருக்கும் ஒன்பது குழி மைதானத்தின் கிளப்பில் சேர்ந்த பிறகும், அந்த ஸ்டிக்கை அடிக்கிற ஒரே ஆள் நான்தான் என்று எனக்குப் பெரிய பெயர். கூத்தாநல்லூர் ஹஸ்ஸான் மாமாவை உனக்குத் தெரியும், மலேசியாவில் கோல்ஃப் மைதானத்தில் இருபது வருஷம் வேலை பார்த்தவர். அவரே நாலு வருஷம் முன்பு தன்னுடைய நீண்ட அயர்ன்களை யாருக்கோ கொடுத்துவிட்டு, தலை பருத்த, பந்தைத் தானே மேலே தூக்கிவிடுகிற ஹைப்ரிட்டுக்கு மாறிவிட்டார். மாறின நாளிலிருந்து இடுப்பு வலி குறைந்தது, புல்லுக்குள் கிடக்கிற பந்தைக்கூட இது தோண்டித் தூக்கிவிடுகிறது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவரைக் கேலி செய்வேன், கிழவர்கள் ஸ்டிக் என்பேன்.

இரண்டு வருஷம் முன்பு மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மைதானத்தில் புல் அறுக்கிற நீலாம்பாள் என்ற அம்மாவுக்குப் பந்து பட்டு அடி என்று அப்போது உனக்குச் சொன்னேன் அல்லவா. அடித்தது நான்தான் என்பதையும் சொன்னேன், தெரியாமல் நடந்துவிட்டது என்றேன், நீயும் எனக்கு ஆறுதல் சொன்னாய். நடந்ததை இப்போது எழுதுகிறேன். அன்றைக்குச் சென்னையிலிருந்து இரண்டு இளம் ராணுவ அதிகாரிகள் விருந்தாளியாக வந்து என்னோடும் ஹஸ்ஸான் மாமாவோடும் விளையாடினார்கள். ஏழாவது குழிக்கு ஒரு பள்ளத்தைத் தாண்டி அடிக்க வேண்டும். நான் மூன்றாம் நம்பரை எடுத்ததைப் பார்த்து அவர்களில் ஒருவர், இந்த வயசுல அது வேண்டாம் சார், என் ஹைப்ரிட்டைத் தரேன் என்று மரியாதையாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்று இருந்தது. பள்ளத்தின் விளிம்பில், சற்று வலது பக்கமாக, அறுபது கஜ தூரத்தில் நீலாம்பாள் உட்கார்ந்து கோரை அறுத்துக்கொண்டிருந்தாள். பச்சைச் சேலை. நான் பார்த்தேன் பூமிகா. அவள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்ததையும் பார்த்தேன். குரல் கொடுத்து அவளை நகரச் சொல்லிவிட்டு அடிப்பதுதான் முறை. அவள் அரிவாளை எடுத்துக்கொண்டு எழுந்து போகும் வரை அந்தப் பையன்கள் முன்னால் ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு நிற்க எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் காரணம். பந்து எப்படியும் அவள் தலைக்கு மேலே போய்விடும் என்று நினைத்தேன். இரும்பு பந்தின் வயிற்றில் பட்டது. அந்தச் சத்தம் கேட்டவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் கத்தவில்லை. கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள், விரல் இடுக்கில் ரத்தம் வந்தது.

இடது கண் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் நான் கூடவே இருந்தேன், பழம் வாங்கிக் கொடுத்தேன், சுபேதார் மாதிரி மனுஷன் யாரு இருக்கா என்று எல்லோரும் சொன்னார்கள். கிளப் செயலாளர் என்ன நடந்தது என்று கேட்டு எழுதியபோது, புல்லுக்குள் உட்கார்ந்திருந்ததால் ஆள் தெரியவில்லை என்றேன். அந்த ஒரு வரியை வைத்து, விளையாடும் இடத்தில் சொல்லாமல் போய் உட்கார்ந்தது வேலைக்காரியின் தவறு என்று எழுதினார்கள். அவளை வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. என்னைப் பெற்றவளும் அடுத்தவன் வயலில் குனிந்தே வேலை செய்தவள்தான், அவளை வரப்பில் நின்றவர்கள் பார்த்தும் பார்க்காததுபோல் போனது எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். தெரிந்திருந்தும் பேசாமல் இருந்தேன்.

அதன்பிறகு எனக்கு நிம்மதி என்பது இல்லை. தஞ்சாவூர் போகும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார முடியாது. நடவு வயலில் பத்துப் பெண்கள் குனிந்திருந்தால் அதில் ஒருத்தி இப்போது தலையை நிமிர்த்துவாள் என்று காத்திருப்பேன், யாராவது நிமிர்ந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். கடைத்தெருவில் பச்சைச் சேலையைக் கண்டால் சந்துக்குள் திரும்பிவிடுவேன். அம்மா அம்மிக் குழவியைக் கீழே வைக்கிற சத்தம்கூட எனக்கு அந்தச் சத்தம்தான். ஒரு நாள் காலையில் இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு டம்ளரில் காப்பி ஊற்றிப் பார்த்தேன். பாதி மேஜையில் போனது. அம்மா பார்த்துவிட்டாள், கண்ணில் ஏதாவது பூச்சி விழுந்துடுச்சாங்க என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

உன் ஸ்டிக் வந்த பிறகு ஹஸ்ஸான் மாமா விடவில்லை. புள்ளை ஆசையா அனுப்பிருக்கு, அடிச்சுப் பாக்காம வச்சிருந்தா எப்படி என்று ஆவணியில் ஒரு காலை வேளை கூட்டிக்கொண்டு போனார். முதல் ஏழெட்டுப் பந்து எல்லாம் இடது பக்கம் வளைந்து போயின. தூக்கணும்னு நெனைக்காதீங்க சுபேதார், அயர்ன் மாதிரியே கீழ பாத்து அடிங்க, தூக்குற வேலைய அது பாத்துக்கும் என்றார். சொன்னபடி செய்ததும் சரியாக வந்தது. கையில் அதிர்வே இல்லை, அடியே படாததுபோல் இருந்தது. அப்படியே விளையாடிக்கொண்டு ஏழாவது குழிக்கு வந்தோம். பள்ளத்தின் விளிம்பில் யாரும் இல்லை, கோரை மட்டும் வளர்ந்து கிடந்தது. அடித்தேன். பந்து நேராக மேலே எழும்பி, அவள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு மேலே இரண்டு பனை உயரத்தில் போய், அந்தப் பக்கம் மெதுவாக இறங்கி நின்றது. பின்னால் முறைக்குக் காத்து நின்றவர்கள் கைதட்டினார்கள். அன்றைக்கு அந்தப் பையன் கொடுத்ததை வாங்கியிருந்தால் அவளுக்குக் கண் இருந்திருக்கும் என்று முதலில் நினைத்தேன். உடனே என் மேல் எனக்கே அருவருப்பு வந்தது. குற்றத்தைத் தூக்கி இரும்பின் மேல் வைக்கப் பார்க்கிறேன். கையில் எந்த ஸ்டிக் இருந்தாலும் அவள் அங்கே இருக்கும்போது நான் அடித்திருக்கக் கூடாது. அங்கேயே புல்லில் உட்கார்ந்துவிட்டேன். ஹஸ்ஸான் மாமாவிடம், அந்தம்மா உக்காந்திருந்தது எனக்குத் தெரியும் பாய், பாத்துட்டுதான் அடிச்சேன் என்று சொன்னேன். அவர் தன் பையை இறக்கிவைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு, தெரியும் சுபேதார், நானும் பக்கத்துலதான நின்னேன் என்றார்.

மறுநாள் இருவரும் நீலாம்பாளைத் தேடிப் போனோம். திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் மகள் தமிழ்நிலா வீட்டில் இருக்கிறாள். வாசலில் உட்கார்ந்து முறத்தில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, அரிசியை மூக்குக்குக் கிட்டே கொண்டுவந்து பார்த்தாள். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். தமிழ்நிலா உள்ளேயிருந்து வந்து, ரெண்டு வருஷம் கழிச்சு இப்ப எதுக்கு வந்தீங்க, உங்க மனசு ஆறணும்னா என்று கேட்டாள். அவள் கேட்டது நியாயம். நீலாம்பாள் மகளைச் சும்மா இருக்கச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நீங்க பாத்தது எனக்குத் தெரியுங்க என்றாள். நானும் உங்களைப் பாத்தேன். வேற யாராவதுன்னா எந்திரிச்சு ஓடிருப்பேன். நீங்க எப்பவும் கூப்புட்டு நகரச் சொல்லிட்டுதான் அடிப்பீங்க, கூப்புடுவீங்கன்னு நெனச்சு மறுபடி குனிஞ்சிட்டேன். இதுதான் அவள் சொன்னது. குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

யாரிடமும் ஏன் சொல்லவில்லை என்று ஹஸ்ஸான் மாமா கேட்டார். என்னைய யாருங்க கேட்டா என்றாள். நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். மேஸ்திரிதான் என்னைய அங்க அறுக்கச் சொன்னாரு, நானாப் போயி உக்காந்தேன்னு எழுதி வச்சிருக்காங்களாம், அதை மாத்தி எழுதச் சொல்லுங்க என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை.

புரட்டாசி முதல் வாரத்தில் கிளப் கூட்டத்தில் நான் எழுதிக் கொண்டுபோனதை நின்று வாசித்தேன். முடிஞ்சு போனதை எதுக்குங்க கிளறணும், இதுல கிளப்புக்குத்தான் கெட்ட பேரு என்று தலைவர் சொன்னார், இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள். ஹஸ்ஸான் மாமா எழுந்து, நானும் சாட்சி என்று கையெழுத்துப் போட்டார். மேஸ்திரியும் கடைசியில் ஒப்புக்கொண்டார். பழைய அறிக்கையை ரத்து செய்து, அவள் மேல் தவறில்லை என்று எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார்கள், அவளுக்கு மறுபடி வேலை தருவதாகவும் சொன்னார்கள். நீலாம்பாளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். தமிழ்நிலாவை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, ரேஷன் கார்டு வைக்கிற உறைக்குள் மடித்து வைத்தாள். வேலைக்கு மட்டும் வரமாட்டேன் என்றாள். இனிமே பந்து எந்தப் பக்கத்துலேருந்து வருதுன்னு எனக்குத் தெரியாதுங்க என்றாள். மன்னிப்பு என்று நான் ஆரம்பித்தபோது, அதெல்லாம் வேணாங்க, போயிட்டு வாங்க என்று முறத்தை எடுத்துக்கொண்டாள்.

நான் கிளப்பிலிருந்து விலகிவிட்டேன். நீ அனுப்பிய ஸ்டிக் இரண்டையும் ஹஸ்ஸான் மாமாவிடம் கொடுத்துவிட்டேன், அதற்காக என்னைக் கோபித்துக்கொள்ளாதே. அம்மாவிடம் சொன்னேன். நாலு நாள் சாப்பாடு போட்டாளே தவிர முகம் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் காப்பியை வைத்துவிட்டு, அந்தம்மாவுக்கு எந்தக் கண்ணுங்க என்று மட்டும் கேட்டாள். போன வாரம் அவளே தனியாகப் பஸ் ஏறித் திருக்காட்டுப்பள்ளி போய்வந்தாள். என்ன பேசினார்கள் என்று என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தேன். இறங்கவில்லை. இன்றைக்குக் காலையிலும் நடவு வயல் ஓரமாக நடந்தபோது என் கண்ணுக்குள் நீலாம்பாள் தலை நிமிர்ந்து பார்த்தாள், கூப்பிடுவேன் என்று காத்திருந்தாள்.

நீ தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போடு, டாக்டரிடம் போகிற தேதியைத் தள்ளிப்போடாதே. மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல், அவரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுவதும் காட்டாததும் உன் விருப்பம். நீங்கள் இருவரும் நோய் நொடியில்லாமல், செய்கிற காரியத்தில் யார் கண்ணும் கலங்காமல் நீண்ட காலம் வாழ வேண்டும்.

இதைப் படித்ததும் உடனே போன் செய்யாதே, இரண்டு நாள் போகட்டும். அதன்பிறகு என்னை என்ன வேண்டுமானாலும் கேள், திட்டு. அப்பா தெரியாமல்தான் அடித்திருப்பார் என்று மட்டும் எனக்காகப் பேசாதே. தெரிந்துதான் அடித்தேன்.

உன் அப்பா,
பஞ்சநாதன்