பேனா படித்த கடிதம்

நம்ம பொண்ணோட அம்மாவுக்கு,

இதை நான் எழுதல. நான் பேசப் பேச, பொண்ணோட கம்ப்யூட்டர் எழுதிக்கிட்டே போகுது. எழுத்தெல்லாம் இடம் மாறித் தெரியுதுன்னு பள்ளிக்கூடத்துல அவளுக்கு ஒரு பேனாவும் குடுத்திருக்காங்க. அச்சடிச்ச வரி மேல வச்சு இழுத்தா அதுவே வாசிச்சுக் காட்டும். "அப்பா வழியில வந்திருக்கலாம்"னு டீச்சர் சொன்னாங்க. சிரிச்சு மழுப்பிட்டேன்.

பெயின்ட் டப்பாவைக்கூட நான் மூடி நிறத்தைப் பார்த்துத்தான் எடுப்பேன். உனக்கு அது தெரியாது. தெரியவிடல.

ஆறு வருஷம் முன்னாடி நீ ஆபீஸ்ல டைப் பண்ணி மேஜை மேல வச்ச கடிதத்தை நேத்து எடுத்தேன். அன்னைக்கு "படிச்சீங்களா"ன்னு கேட்ட. "படிச்சேன், உன் இஷ்டம்"னேன். உனக்கு வந்த வெளியூர் வேலையைப் பத்தித்தான் நீ எழுதியிருப்பேன்னு நினைச்சேன். மறுநாள் பெட்டியோட கிளம்பிட்ட.

பேனா யாரோ ஒரு பொம்பளைக் குரல்ல வாசிச்சுது: "போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். இருந்துவிடுகிறேன்."

நாலு தடவை இழுத்துப் பார்த்தேன். அது மாத்திச் சொல்லல. யார் மேல கோபப்படுறதுன்னே புரியல. பொண்ணுகிட்ட என்ன சொல்லன்னும் புரியல.

போகாதே.

இப்போ சொன்னா செல்லுமா?

இப்படிக்கு,
படிச்சேன்னு சொன்னவன்