கண்ணாடியைத் துடைத்தவன்

மார்ச் 4, செவ்வாய்

தம்பி அறையில் பல்ப் போய் ஒரு வாரமாகிறது. இருட்டில் துழாவி என் பவுடர் டப்பாவைக் கீழே தள்ளிவிட்டான். கேட்டால், "பல்ப் இல்லக்கா, அதான்" என்கிறான். பல்ப் வாங்குவது யார் வேலை, பக்கத்து வீட்டுக்காரன் வேலையா? ஊரில் உள்ள ஃப்ரிட்ஜை எல்லாம் ரிப்பேர் பார்க்கிறான், சொந்த அறைக்கு ஒரு பல்ப் மாட்டத் துப்பில்லை. நாளைக்குக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயாவது வாங்க வைக்கவேண்டும்.

கண்ணாடிக் கடையில் இன்று நல்ல கூட்டம். ஊருக்கே ஒரே நாளில் கண் மங்கிவிட்டது போலிருக்கிறது.

மார்ச் 9

தம்பி போய்விட்டான்.

மார்ச் 14

எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால், நீ சரியாகப் பார்க்கவில்லை என்று யாராவது என்னையே நம்பவைத்துவிடுவார்கள்.

புதன்கிழமை சாயங்காலம். வெளிச்சம் நன்றாகவே இருந்தது. இரண்டு பேரும் பல்ப் கடைக்கு நடந்தே போனோம். கோடு போட்ட இடத்தில்தான் ரோட்டைக் கடந்தான். நான் செருப்பு வாரை மாட்டிக்கொண்டு இந்தப் பக்கம் நின்றேன். கறுப்புக் கார். சத்தம். தள்ளிப் போய்க் கார் நின்றது. அதுதான் எனக்கு ஆறமாட்டேன் என்கிறது — நின்றது. ஒருவன் இறங்கி வந்தான். ஐம்பது வயதிருக்கும், ஃபிரேம் இல்லாத கண்ணாடி. கீழே கிடந்த தம்பியைப் பார்த்தான். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தான். மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தான். நான் கத்திக்கொண்டே ஓடினேன். அவன் ஏறிப் போய்விட்டான்.

பதறி ஓடியிருந்தாலாவது, பயந்துட்டான் பாவம்னு என்னைக்காவது மனசு இறங்கியிருக்கும். துடைச்சுப் பாத்துட்டுப் போனான்! மூச்சு இருக்கா இல்லையான்னு தெளிவா பாத்துட்டுப் போனான்!

உடனே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பான் என்றார் டாக்டர். அந்தக் கண்ணாடிக்காரனை நான் விடமாட்டேன்.

மார்ச் 17

காரைப் பிடித்துவிட்டார்களாம். டைல்ஸ் ஷோரூம் முதலாளியின் கார். ஓட்டியது நான்தான் என்று அவருடைய டிரைவர் தானாகவே வந்து நின்றிருக்கிறான். இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டு, பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஓர் ஒல்லி மனிதனைக் காட்டினார்.

"இவன் இல்ல சார். அவன் கண்ணாடி போட்டிருந்தான்."

"பதட்டத்துல இருந்தீங்கம்மா. கண்ணாடி, மூக்குன்னு எல்லாமா ஞாபகம் இருக்கும்?"

எத்தனை வருஷமாகக் கண்ணாடிக் கடையில் நிற்கிறேன்! எனக்கு ஒரு ஆளிடம் முதலில் கண்ணில் படுவதே அதுதான். சொன்னேன். சிரித்தார். "அவரே ஒத்துக்கிட்டாரு. உங்களுக்கு என்னம்மா கஷ்டம்?"

அந்த ஒல்லி மனிதன் கடைசிவரை தலையைத் தூக்கவில்லை.

மார்ச் 20

ஷோரூம் வாசலுக்கு எதிரே நின்று பார்த்தேன். முதலாளி அவன்தான். அதே கண்ணாடி. யாரோ சொன்னதற்கு வயிறு குலுங்கச் சிரிக்கிறான். சிரி. நல்லா சிரி.

மார்ச் 24

அரசு வக்கீலம்மா நல்ல மாதிரி. ஆனால் சொன்னதென்னவோ கசப்பாக இருந்தது. "நீங்க ஒருத்தர் மட்டும் சொன்னா நிக்காதும்மா. டிரைவரே மாத்திச் சொல்லணும். சொன்னா, பொய் சொல்லி ஆளை மறைச்சதுக்கு அவர் மேலயும் கேஸ் வரும். அதனால வாயைத் திறக்கமாட்டார்."

திறக்க வைக்கிறேன். அவனும் உள்ளே போகட்டும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

மார்ச் 27

டிரைவரின் மனைவி தையல்காரி என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். முதலாளிக்குச் சொந்தமான ஐந்து வீட்டு வரிசையில் கடைசி வீடு, வாசலிலேயே மிஷின். கைப்பையின் ஜிப்பை நானே பிய்த்து எடுத்துக்கொண்டு போனேன். டிரைவர் அன்றைக்கே ஜாமீனில் வந்துவிட்டான், ஆனால் பகலில் வீட்டில் இருப்பதில்லை. நான் யார் என்று சொல்லவில்லை. அவளுக்கு வாய் ஓயாது. புருஷன் பேச்சை எடுத்தால் மட்டும் வாய் மூடிக்கொள்கிறது, மிஷின் வேகமாக ஓடுகிறது.

ஏப்ரல் 2

தலையணை உறை.

ஏப்ரல் 6

போர்வை. கூடவே திரைச்சீலை.

ஏப்ரல் 11

கிழிப்பதற்கு வீட்டில் இனித் துணி இல்லை. தம்பியின் நீலச் சட்டையை எடுத்து வைத்துக் கத்தரியைப் பிடித்தேன். கை வரவில்லை. மடித்து உள்ளேயே வைத்துவிட்டு என் குடையைக் கிழித்தேன்.

தையல்காரி குடையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். "கார் மோதி செத்தானே, அவனோட அக்கா நான்."

அவள் குடையை மடித்தாள். மறுபடி விரித்தாள். அப்புறம் மடமடவென்று கொட்டினாள். "அன்னைக்குச் சாயங்காலம் அவரு எங்க இருந்தாரு தெரியுமா? மாடியில தண்ணித் தொட்டிக்குள்ள. எலி விழுந்து செத்து நாறிப்போச்சு. அவரு உள்ள இறங்கித் தேய்க்கிறாரு, அஞ்சு வீட்டுப் பொம்பளைங்களும் வாளியோட கீழ நின்னு திட்டிட்டு இருக்கோம். கார் ஓட்டினாராம், கார்!"

ஐந்து வீட்டுக்கும் தெரிந்திருக்கிறது. கேட்கத்தான் ஆளில்லை.

"இதைப் போய்ச் சொல்லு."

"சொன்னா மறுநாளே வீட்டைக் காலி பண்ணச் சொல்லுவாங்க அக்கா."

"நான் இருக்கேன்ல, பாத்துக்கறேன்."

வாயில் வந்ததைச் சொன்னேன். புருஷன் மேலும் கேஸ் வரும் என்று சொல்லவில்லை. நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிவிட்டேன். என் தம்பி ரோட்டில் கிடந்தபோது யார் யாருக்குப் பாவம் பார்த்தார்கள்?

ஏப்ரல் 13

தப்பா? தப்புதான். இருந்துட்டுப் போகட்டும்.

ஏப்ரல் 25

தையல்காரி போய்ச் சொல்லிவிட்டாள்! மூன்று வீட்டுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு நேரே வக்கீலம்மாவிடமே போயிருக்கிறாள். டிரைவரைக் கூப்பிட்டு, தொட்டியில் என்ன செத்துக் கிடந்தது என்று கேட்டார்களாம். "எலி" என்று சொல்லி ஓவென்று அழுதானாம்.

கண்ணாடிக்காரனைக் கைது செய்துவிட்டார்கள். டிரைவரையும்தான். கடையில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து தம்பி போட்டோ முன்னால் நின்று வாய்விட்டுச் சிரித்தேன். அப்புறம் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

ஏப்ரல் 29

கதவைத் தட்டும் சத்தம். திறந்தால் தையல்காரி. தள்ளுவண்டியில் மிஷினும் இரண்டு மூட்டைகளும்.

"காலி பண்ணச் சொல்லிட்டாங்க அக்கா. பாத்துக்கறேன்னு சொன்னீங்களே."

சொன்னேன்தான். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதை. கதவைச் சாத்தியிருக்கலாம். அவளே மிஷினின் ஒரு பக்கத்தைத் தூக்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். மறுபக்கத்தை நான் பிடித்தேன். தம்பி அறையைத் தவிர வேறு இடமில்லை.

மே 3

நெஞ்சை அறுத்துக்கொண்டே இருந்தது. சாப்பிடும்போது சொல்லிவிட்டேன். "உன் வீட்டுக்காரரையும் பிடிப்பாங்கன்னு எனக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சுதான் சொல்லல."

தட்டைத் தூக்கி எறிவாள் என்று நினைத்தேன். அவள் பாட்டுக்குச் சாப்பிட்டாள்.

"எனக்கும் தெரியும்."

"எப்படி?"

"தானா பிஞ்ச ஜிப்புக்கும் பிச்ச ஜிப்புக்கும் வித்தியாசம் தெரியாதா அக்கா? மொத நாளே நீங்க யாருன்னு விசாரிச்சுட்டேன். சொல்லப் போறதுக்கு முன்னாடி வக்கீலம்மாகிட்டயும் கேட்டுட்டேன்."

"அப்புறம் ஏன்டி போய்ச் சொன்ன?"

"என்னை ஒரு வார்த்தை கேட்கலையே! முதலாளி கேட்டாராம், இவரு தலையை ஆட்டினாராம். ஜெயிலுக்குப் போறவரு கட்டின பொண்டாட்டிகிட்ட சொல்லவேண்டாமா? அவ்வளவு ஆசையா இருந்தா போகட்டும். செய்யாத கொலைக்கு வேண்டாம், சொன்ன பொய்க்குப் போகட்டும்."

என்னைவிடப் பொல்லாதவள். பாம்பின் கால் பாம்பறியும். இரவெல்லாம் நிம்மதியாகத் தூங்கினேன், எத்தனை நாளைக்கப்புறம்!

மே 20

கண்ணாடிக்காரன் ஜாமீனில் வெளியே வந்துவிட்டான். நாசமாப் போவான்.

ஜூன் 12

டிரைவருக்கும் ஜாமீன். அவனுக்கு வேறு எங்கே போக்கிடம்? வெளி வராந்தாவில் படுக்கிறான். தையல்காரி தட்டை வைத்துவிட்டுப் பேசாமல் உள்ளே வருகிறாள். நானும் பேசுவதில்லை. என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறான்.

இன்று தம்பி அறையில் வெளிச்சம். யாரும் சொல்லாமலே பல்ப் வாங்கி மாட்டியிருக்கிறான். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. ஆனால் கழற்றச் சொல்லவில்லை.

அக்டோபர் 14

கூண்டில் ஏறினேன். தொட்டிக் கதையைத் தையல்காரியும் அந்த மூன்று பெண்களும் நேற்றே சொல்லி முடித்திருந்தார்கள். இன்று என் முறை.

அவனுடைய வக்கீல் என்னைச் சுற்றிச் சுற்றி வந்தார். எவ்வளவு தூரம், எத்தனை நொடி, கண் பரிசோதனை செய்திருக்கிறீர்களா? கண் பரிசோதனையா, என்னிடமா? "எனக்கு நல்லா தெரியும் சார். உங்களுக்கு வேணும்னா கடைக்கு வாங்க, பாத்து சொல்றேன்" என்றேன். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"சரி, அந்த ஆள் என்ன செய்தார்?"

சொன்னேன். இறங்கினான். பார்த்தான். கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் — சொல்லும்போதே நீதிபதி என்னை விட்டுவிட்டு அந்தப் பக்கம் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். அவன் தன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டிருந்தான். பழக்கம். கை அப்படியே நின்றது.

துடைடா. துடைச்சு நல்லா பாரு. யார் நிக்கிறாங்கன்னு பாரு.

நவம்பர் 20

தீர்ப்பு. அவனுக்கு மூன்று வருஷம். போதாது. நூறு வருஷம் கொடுத்திருந்தாலும் எனக்குப் போதாது. டிரைவரை, உள்ளே இருந்த நாட்களே போதும் என்று அபராதத்தோடு விட்டுவிட்டார்கள். கண்ணாடிக்காரனைக் கூட்டிக்கொண்டு போகும்போது அவன் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. நாங்கள் கண்ணெடுக்காமல் பார்த்தோம்.

நவம்பர் 23

டிரைவருக்கு நாளை ஒரு கம்பெனியில் வேலைக்கு வரச்சொல்லியிருக்கிறார்கள். போட்டுக்கொண்டு போக உருப்படியாக ஒரு சட்டை இல்லை. காலையிலிருந்து யோசித்துவிட்டு, தம்பியின் நீலச் சட்டையை எடுத்துக் கொடுத்தேன். வாங்கமாட்டேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "போடு" என்றேன். போட்டான். சட்டையின் தோள் இரண்டும் தொளதொளவென்று தொங்கின.

தையல்காரி வந்து பார்த்தாள். "கையைத் தூக்கு" என்றாள் அவனிடம். வந்ததிலிருந்து அவனோடு அவள் பேசிய முதல் வார்த்தை. இரண்டு பக்கமும் பிடித்து ஊசி குத்தினாள். சட்டையைக் கழற்றி மிஷின்மேல் விரித்துக் கத்தரியை எடுத்தாள்.

"நீங்க வேணும்னா உள்ள போங்க அக்கா" என்றாள்.

போகவில்லை. பக்கத்திலேயே நின்று பார்த்தேன்.