ஒளித்து வைக்கச் சொன்ன நோட்டு

என்னங்க,

கிடைத்துவிட்டது! இன்ஷூரன்ஸ் இல்லை என்று இரண்டு மாதமாகப் பூட்டிக் கிடந்த என் ஸ்கேட்டிங் வகுப்பு நாளை திறக்கிறது. அரங்கத்துச் சாவியை வாங்கத்தான் ஓடுகிறேன்.

"அந்த விபத்து நோட்டை ஒளிச்சு வை, பார்த்தா எவனும் பாலிசி தரமாட்டான்" என்று காலையில் குதித்தீர்களே, அதைத்தான் முதலில் மேசைமேல் வைத்தேன். மூன்று வருடத்தில் பிள்ளைகள் சிராய்த்துக்கொண்ட முழங்கால் ஒன்றுவிடாமல் அதில் இருக்கிறது. இன்ஷூரன்ஸ் அதிகாரியம்மா பக்கம் பக்கமாகப் படித்தார். "யாருக்குமே அடிபடலைன்னு எழுதிக் குடுக்கறவங்களைத்தான் நான் நம்பறதில்லை. நீங்க கண்கொட்டாம பார்த்துக்கறீங்கன்னு இதுலயே தெரியுது" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்!

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். வீம்புக்குப் பட்டினி கிடக்காதீர்கள்.

பரணில் இருக்கும் ஹெல்மெட்டுகளை இறக்கி வையுங்கள். ஏணியை யாராவது பிடிக்கட்டும்.

இன்னொன்று. ஒரு பக்கத்துக்கு மட்டும் அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார்: "பெரியவர் ஒருவர், வயது நாற்பத்தாறு. 'இதெல்லாம் ஒரு விஷயமா' என்று ஷூ மாட்டினார். இரண்டே அடி. இடுப்பில் ஐஸ் வைத்தோம்."

"யாருங்க இவரு?" என்று கேட்டார்.

"எங்க வீட்டுக்காரர்தான். இடுப்பு சரியாயிடுச்சு, வாய்தான் இன்னும் அடங்கலை" என்றேன்.