மறுபக்கத்தில் இருந்த வரி

காஜா பேராங், மலாக்கா
12.11.1957

அன்புள்ள கமலவேணிக்கு,

என் இடது கை நன்றாக ஆறிவிட்டது. இதை முதலில் எழுதக் காரணம் இருக்கிறது, சொல்கிறேன். அம்மாவும் நீயும் நம் குழந்தை முருகையனும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அச்சகத்தில் இப்போது தண்ணீர் இறைக்கும் எஞ்சினுக்கான விளக்கப் புத்தகம் தயாராகிறது. புரூப்பில், அதாவது திருத்துவதற்கு முதலில் எடுக்கும் மாதிரித் தாளில், வரிகள் இடம் மாறியிருந்தால் சரிசெய்வது என் வேலை. போன மாதம் எஞ்சினை முற்றத்தில் ஓட்டி, புரூப்பில் உள்ளபடியே ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன். "மூடியைத் திறக்கவும்" என்பது பக்கத்தின் கடைசி வரி. திறந்தேன். வெந்நீர் கையில் தெறித்தது. "எஞ்சின் ஆறிய பின்பே திறக்கவும்" என்ற வரி மறுபக்கத்தில் இருந்தது.

"திருப்பிப் பாத்துட்டுத் தொறக்கக் கூடாதாய்யா?" என்றார் முதலாளி.

"வாங்குறவன் மட்டும் திருப்பியா பாப்பான்?" என்றேன். அந்த வரியை மேலே ஏற்றிவிட்டோம்.

உன் கடிதமும் அப்படித்தான் வந்தது. முருகையனுக்குக் காய்ச்சல் என்பது முன்பக்கத்தின் கடைசி வரி. குணமாகிவிட்டது என்பது மறுபக்கத்தில். தாளைத் திருப்புவதற்குள் எனக்கு உயிரே போய்விட்டது. இனிமேல் குணமானதை முதலில் எழுது.

யாராவது கப்பலேறினால் கொஞ்சம் நார்த்தங்காய் கொடுத்தனுப்பு. இங்கே வாய்க்கு எதுவும் பிடிக்கவில்லை.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது, இன்னும் ஒன்று மட்டும். முருகையன் காலில் மை தடவி அடுத்த கடிதத்தில் பதித்து அனுப்பு. நான் புறப்பட்ட அன்று அந்தப் பாதம் இதே இடது உள்ளங்கைக்குள் அடங்கியது. முன்பக்கத்திலேயே பதி. தாளைத் திருப்பும்வரை என்னால் பொறுக்க முடியாது.

உன்
வேலாயுதம்