இறந்தவர் பெயரில் ஒரு பெட்டி மாத்திரை

இன்று காலை நம் மருந்துக்கடை அலமாரியைத் துடைக்கும்போது உன் வலிப்பு மாத்திரைப் பெட்டி மறுபடி கையில் அகப்பட்டது. முத்திரை பிரிக்கப்படவில்லை. பழக்கத்தில் ஸ்கேன் செய்தேன். 'வழங்கப்பட்டது' என்று உன் பெயரோடு திரையில் வந்தது. நீ செத்துப்போன செய்தி அதற்கு இன்னும் எட்டவில்லை.

மருந்துத் தடமறியும் சட்டம் வந்தபோது நம் ஊர் ரெங்கத்தில் மற்ற கடைக்காரர்கள் எல்லாம் முணுமுணுத்தார்கள். நம் கடையில் நீ அதைச் சம்பந்தியைப்போல வரவேற்றாய். தோட்டத் தொழிலாளர்கள் மாத்திரையைக்கூட வீட்டுக்கு வீடு கைமாற்றாகக் கொடுத்து வாங்குவார்கள். நீ கவுண்டரிலேயே மறிப்பாய். "இது என்ன சீனியா, கைமாத்து குடுக்க? எங்கேருந்து வந்துச்சு, யார்கிட்ட போச்சுன்னு தெரியணும்லா."

உன் மாத்திரையையும் உன் பெயரில் பதிந்துவிட்டுத்தான் எடுப்பாய். கடைசிப் பெட்டியைப் பதிந்தாய். எடுப்பதற்குள் நெஞ்சு வலி வந்து போய்விட்டாய்.

போன மாதம் அந்த மருந்து எங்கும் கிடைக்கவில்லை. குளுவாங் ஆஸ்பத்திரியிலும் இல்லை. மகளுக்கு வலிப்பு உள்ள சரஸ்வதி வந்தாள். அவள் கண் நேராக உன் பெட்டிக்குப் போனது.

"அண்ணே, அதோ இருக்கே."

"அது வேற ஆளுக்குக் குடுத்தாச்சும்மா."

"யாருக்கு?"

"நம்ம பார்ட்னருக்கு."

"அலமாக்! அவரு திரும்பி வந்து முழுங்கப் போறாரா?"

பதிவு முறையின் உதவி எண்ணுக்கு அழைத்தேன். மறுமுனையில் ஒரு பெண் மிக மரியாதையாகப் பேசினாள். வழங்கிய மருந்தைத் திருப்பிப் பதிய, பெற்றுக்கொண்டவரே வந்து கையெழுத்திட வேண்டுமாம். அவர் இறந்துவிட்டார் என்றேன். ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்தாள். பிறகு, அவருக்கு எந்த நாள் வசதிப்படும் என்று கேட்டாள்.

சரஸ்வதி வெறுங்கையோடு போனாள். அடுத்த வாரம் அதிகாரி சோதனைக்கு வந்தார். பெட்டிகளும் பதிவுகளும் அச்சாகப் பொருந்தின. வட்டாரத்தில் இவ்வளவு ஒழுங்கான கடையைப் பார்த்ததில்லை என்று பாராட்டினார். நீ கேட்டிருந்தால் பூரித்திருப்பாய். உனக்கும் சேர்த்து நானே நன்றி சொன்னேன்.

அன்று மாலை சரஸ்வதியைப் பசார் மாலாம் இரவுச் சந்தையில் பார்த்தேன். மகள் பக்கத்தில் நின்று சோளம் தின்றுகொண்டிருந்தாள். வலிப்பு வந்து விழுந்ததில் கன்னத்தில் பட்ட காயம் ஆறிக்கொண்டிருந்தது. மாத்திரை கிடைத்ததா என்றேன். பையிலிருந்து ஒரு பட்டையை எடுத்துக் காட்டினாள். அட்டைப்பெட்டி இல்லை, தகட்டின் பின்புறம் ஓர் எழுத்துகூட இல்லை.

என் வாயிலிருந்து உன் குரல்தான் வந்தது. "இது எங்கேருந்து வந்துச்சு?"

"நீங்க தரமாட்டேன்னு சொன்னீங்கல்ல, அதுக்கப்புறம் வந்துச்சு."

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டாள். அந்தப் பதிலைப் பதிய நம் கணினியில் இடமில்லை. நான்தான் வைத்திருக்கிறேன்.